டெஸ்க்டாப் சார்ட் கன்ட்ரோலை வெப் பக்கத்தில் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசுவல் பேசிக், டெல்ஃபை, டாட்நெட், ஜாவா என்று எதிலாவது எழுதி வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை வெப்புக்குக் கொண்டு போக வேண்டும் என்று முடிவானதும், படிவங்களும் பட்டியல்களும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகின்றன. சார்ட்டில்தான் எல்லோரும் முட்டி நிற்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். பழைய பக்கங்களைப் பராமரிப்பவர்களுக்கானவை முன்னால் இருக்கின்றன. புதிதாக எழுதப் போகிறவர்கள் 9ஆம் கேள்விக்கு நேரே போகலாம்.

1. எங்ககிட்ட நல்லா ஓடுற வின்ஃபார்ம்ஸ் சார்ட் கன்ட்ரோல் இருக்கு. அதை அப்படியே வெப் பக்கத்துல போட்டுட முடியுமா?

இன்றைய குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எதிலும் முடியாது (5ஆம் கேள்வியில் வரும் எட்ஜின் ஐஇ மோட் மட்டும் விதிவிலக்கு). கைபேசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வின்ஃபார்ம்ஸ் என்பது டாட்நெட்டில் விண்டோஸ் டெஸ்க்டாப் நிரல் எழுதும் வழி. டெஸ்க்டாப் கன்ட்ரோல் என்பது விண்டோஸிடம் தனக்கென்று ஒரு ஜன்னலைக் கேட்டு வாங்கி அதற்குள் வரைகிற நிரல். எந்தப் பிரவுசரும் இப்போது தன் வழக்கமான பக்கத்துக்குள் அப்படியொரு ஜன்னலைத் தருவதில்லை.

ஆனால் இதைக் கேட்பவரிடம் நான் ஒரு எதிர்க்கேள்வி போடுவதுண்டு. உங்களுக்கு வேண்டியது அந்த டிஎல்எல் கோப்பா (கன்ட்ரோலின் கம்பைல் ஆன நிரல் இருக்கும் கோப்பு), அதில் உங்கள் ஆட்கள் பழகிப்போன ஜூமும் டூல்டிப்புமா? டிஎல்எல்தான் வேண்டும் என்றால் வழிகள் குறைவு, எல்லாமே ஒட்டுப்போட்டவை. பழக்கம்தான் முக்கியம் என்றால் நிறையவே வழி இருக்கிறது.

2. அப்போ முன்னாடி எல்லாம் எப்படிப் போட்டாங்க? நானே பார்த்திருக்கேனே!

பார்த்திருப்பீர்கள். 1996இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல்களை, அதாவது பக்கத்துக்குள் வைக்கக்கூடிய விண்டோஸ் நிரல் துண்டுகளை, ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் ஒரு ஆப்ஜெக்ட் டேக் வைத்து, கிளாஸ்ஐடியில் கன்ட்ரோலின் அடையாள எண்ணையும், கோட்பேஸில் கேப் கோப்பின் (கன்ட்ரோலைச் சுருக்கிக் கட்டிய பொதி) முகவரியையும் கொடுத்தால் போதும். பிரவுசரே கோப்பை இறக்கி, பயனரின் கணினியில் ரெஜிஸ்டர் செய்து, பக்கத்தின் நடுவே சார்ட்டைக் காட்டிவிடும். விசுவல் பேசிக் 6 உடன் வந்த எம்எஸ்சார்ட், ஆபீஸ் 2000 முதல் 2003 வரை இருந்த ஆபீஸ் வெப் காம்பொனன்ட்ஸ் எல்லாம் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்தன. டாட்நெட் வந்த பிறகு ரெஜிஸ்டர் செய்கிற வேலையும் போயிற்று: கிளாஸ்ஐடியில் டிஎல்எல்லின் முகவரி, ஒரு ஹேஷ் குறி, பிறகு நேம்ஸ்பேஸோடு கிளாஸின் பெயர்.

சார்ட் தெரிந்தது பக்கத்துக்குள். நிரல் ஓடியதோ பயனரின் கணினியில், மற்ற எந்த விண்டோஸ் நிரலையும் போல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும். அந்தக் கணினியில் விண்டோஸ் வேண்டும், சரியான டாட்நெட் பதிப்பு வேண்டும், வெளியார் நிரலை ஓட விட யாராவது சம்மதிக்கவும் வேண்டும். ஆக்டிவ்எக்ஸ் கேட்கும்போது ஒருமுறை ‘சரி’ அழுத்திவிட்டால், அந்தப் பயனரால் கணினியில் செய்ய முடிகிற எதையும் அந்தக் கன்ட்ரோலாலும் செய்ய முடியும். கதவை ஏன் சாத்தினார்கள் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

3. ஆபீஸ் நெட்வொர்க்குல பழைய பக்கம் ஒண்ணு இன்னும் இருக்கு. திறந்தா சார்ட் வர்ற இடத்துல வெறும் பெட்டிதான் தெரியுது. ஏன்?

டாட்நெட் கன்ட்ரோல் என்றால் முதலில் சர்வரைப் பாருங்கள். டிஎல்எல்லின் முழு முகவரியை அப்படியே பிரவுசரில் தட்டினால் கோப்பு இறங்க வேண்டும். இறங்கவில்லையா? டிஎல்எல்லை ‘bin’ என்ற ஃபோல்டருக்குள் வைத்திருந்தால் ஐஐஎஸ் (மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வர்) அதை வெளியே கொடுக்காது. சாதாரண ஃபோல்டர் ஒன்றுக்கு மாற்றுங்கள். அடுத்த சந்தேகம் அந்த டைரக்டரியின் எக்சிகியூட் அனுமதி. அது ஸ்கிரிப்ட்டுகளுக்கு மட்டும் என்றிருக்க வேண்டும். எக்சிகியூட்டபிள்களுக்கும் அனுமதி இருந்தால், சர்வர் டிஎல்எல்லை அனுப்புவதற்குப் பதில் தானே ஓட்டப் பார்க்கும்.

கோப்பு இறங்குகிறது, பெட்டி மட்டும் காலி என்றால் சிக்கல் பயனரின் கணினியில். டாட்நெட் 4.5 முதல், 1.1, 2.0 காலத்துக் கன்ட்ரோல்களைப் பிரவுசருக்குள் ஏற்றுவது இயல்பிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) லோக்கல் மெஷின் பகுதியில், மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்ஃபிரேம்வொர்க் சாவிக்குக் கீழே எனேபிள்ஐஇஹோஸ்டிங் என்ற டிவேர்ட் (32 பிட் எண்) மதிப்பை 1 ஆக வைக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் வாவ்6432நோட் கிளையிலும் இதே மதிப்பு வேண்டும். ஒரு கிளையில் மட்டும் வைத்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்களே அதிகம்.

சார்ட் தெரிகிறது, ஆனால் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து கொடுக்கும் டேட்டா ஏறவில்லை என்றால் அது வேறு நோய். டாட்நெட் கிளாஸ் காம்விசிபிள் என்று, அதாவது வெளியே உள்ள நிரல் கூப்பிடலாம் என்று, அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல் தன்னை ஸ்கிரிப்டிங்குக்குப் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

4. சர்வர்ல டிஎல்எல்லை மாத்திட்டேன். ஆனா பழைய சார்ட்டே வருது!

பிரவுசர் கேஷை மட்டும் அழித்தால் போகாது. டாட்நெட் தான் இறக்கிய அசெம்பிளிகளை (டாட்நெட் டிஎல்எல்களுக்கு அதன் பெயர்) தனி டவுன்லோட் கேஷ் ஒன்றில் வைத்துக்கொள்ளும். உங்கள் கணினியில் சோதிக்கும்போது டாட்நெட்டோடு வரும் காக்யூட்டில் (gacutil) என்ற கட்டளை நிரலின் சிடிஎல் (/cdl) ஸ்விட்ச் அதைத் துடைத்துவிடும். பயனர்கள் எல்லோருடைய கணினியிலும் போய் அதைச் செய்து கொண்டிருக்க முடியாது என்பதால், ஒவ்வொரு வெளியீட்டிலும் அசெம்பிளியின் வெர்ஷன் எண்ணை ஏற்றுங்கள். ஆக்டிவ்எக்ஸிலும் இதே கதைதான்: கோட்பேஸ் முகவரியின் வாலில் உள்ள வெர்ஷன் எண்ணை உயர்த்தாவிட்டால், கணினியில் இருப்பதே போதும் என்று பிரவுசர் சும்மா இருந்துவிடும்.

5. குரோம்ல ஏதாவது செட்டிங் மாத்தி இதை வர வைக்க முடியாதா?

முடியாது. ஆக்டிவ்எக்ஸ் குரோமில் எப்போதுமே இருந்ததில்லை. அதற்கு இணையாக மற்ற பிரவுசர்களில் இருந்த என்பிஏபிஐ ப்ளக்இன் முறையையும் குரோம் 2015இல் 45ஆம் பதிப்போடு எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017இல், 52ஆம் பதிப்பில், ஃபிளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. ஃபிளாஷும் 2020 கடைசியோடு முடிந்தது. குரோமிலேயே ஓட்டித் தருவதாகச் சொல்லும் எக்ஸ்டென்ஷன்கள் பின்னால் விண்டோஸில் மிச்சமிருக்கும் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஞ்சினைத்தான் ஓட்டுகின்றன.

அந்த எஞ்சின்தான் வேண்டுமென்றால், சில பக்கங்களை மட்டும் அதில் திறக்கும் எட்ஜின் ஐஇ மோட் இருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 டெஸ்க்டாப் நிரலை 2022 ஜூன் 15 அன்று ஓய்வுக்கு அனுப்பினாலும், ஐஇ மோடுக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எந்த முகவரிகள் அந்த மோடில் திறக்க வேண்டும் என்பதை ஒரு எக்ஸ்எம்எல் பட்டியலில் எழுதி, நிறுவனக் கணினிகளுக்கு பாலிசியாக அனுப்பிவிடலாம். 3ஆம் கேள்வியில் சொன்ன ரெஜிஸ்ட்ரி மதிப்பு இங்கேயும் மறந்துவிடக் கூடாது.

6. 2029 வரைக்கும் ஓடும்னா இப்ப எதுக்கு அவசரப்படணும்?

பக்கம் ஓடும். கன்ட்ரோலின் சோர்ஸ் உங்களிடம் இருக்கிறதா? அதை பில்ட் செய்கிற கணினி இன்னும் உயிரோடு இருக்கிறதா? லைசென்ஸ் சாவி யாரிடம்? இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும், மைக்ரோசாஃப்ட்டின் தேதியை உங்கள் தேதியாக எண்ணிக்கொள்ள முடியாது. உடனே எழுதத் தொடங்க வேண்டியதில்லை என்பது சரி. 10ஆம் கேள்வியில் சொல்லும் பட்டியலை மட்டும், பழைய சார்ட்டைத் தினமும் தொடுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

7. எங்களோடது ஜாவா ஆப்லெட். பக்கத்து டீம்ல சில்வர்லைட். அதுக்கெல்லாம் வழி உண்டா?

இரண்டும் பிரவுசருக்குள் ப்ளக்இன் மூலம் ஓடியவை: ஆப்லெட் ஜாவாவில் எழுதியது, சில்வர்லைட் மைக்ரோசாஃப்ட்டினுடையது. ஆப்லெட்டுக்கான ப்ளக்இன் ஜாவா 11இலிருந்து கிடையாது. சில்வர்லைட்டுக்கு ஆதரவு 2021 அக்டோபர் 12இல் முடிந்தது. ஆனால் இவர்களுக்கு வின்ஃபார்ம்ஸ்காரர்களைவிட அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம்: சீர்ப்ஜே என்ற கருவி கம்பைல் ஆன ஜாவா நிரலை பிரவுசரிலேயே ஓட்டுகிறது, ஓப்பன்சில்வர் என்ற கருவி சில்வர்லைட் நிரலை வெப்அசெம்பிளிக்கு (மற்ற மொழி நிரல்களைப் பிரவுசருக்குள் ஓட்டும் கம்பைல் வடிவம்) மாற்றித் தருகிறது. வெளியே வாங்கிய சார்ட் லைப்ரரி என்றால், ஓப்பன்சில்வர் வழிக்கு அதன் சோர்ஸ் கையில் இல்லாமல் தூரம் போக முடியாது.

8. சர்வர்லயே கன்ட்ரோலை ஓட்டி, படமா எடுத்து அனுப்பிட்டா வேலை முடிஞ்சுதே?

பார்க்க மட்டும் போதும் என்றால் முடிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் சார்ட் கன்ட்ரோலே 2008இல் டாட்நெட் 3.5க்கு வந்தபோது வின்ஃபார்ம்ஸுக்கு ஒன்று, ஏஎஸ்பி டாட்நெட்டுக்கு ஒன்று என்று இரட்டையாகத்தான் வந்தது. வெப் பக்கத்துக்கு வந்தது சர்வரில் வரைந்த படம், மேலே இமேஜ் மேப் (படத்தின் எந்த இடத்தைத் தொட்டால் என்ன என்ற குறிப்பு) ஒட்டியது. டூல்டிப் வரும், கிளிக் வரும். ஆனால் ஜூம் செய்ய ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய் வர வேண்டும். எலியை இழுக்க இழுக்கக் கூடவே நகரும் குறுக்குக்கோடு வேண்டும் என்றால் இந்த வழி கிடையாது.

சொந்த வின்ஃபார்ம்ஸ் கன்ட்ரோலை சர்வரில் கண்ணுக்குத் தெரியாமல் ஓட்டிப் படமெடுப்பது இன்னும் வம்பு. டாட்நெட்டின் வரையும் லைப்ரரியான சிஸ்டம் டிராயிங்கை சர்வீஸ்களிலும் ஏஎஸ்பி டாட்நெட்டிலும் பயன்படுத்த ஆதரவில்லை என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. டாட்நெட் 7 முதல் அது விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓடாது. முழு நிரலையும் சர்வரில் ஓட்டி திரையை மட்டும் ஸ்ட்ரீம் செய்வதும் நடக்கிறது. பத்துப் பேர் என்றால் சமாளிக்கலாம். பயனருக்கு ஒரு பிராசஸ் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே மேலே எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துவிடும்.

9. வெப்அசெம்பிளி வந்துடுச்சே! சி பிளஸ்பிளஸ் சார்ட் எல்லாம் அப்படியே வந்துடுமாமே?

எதன் மேல் எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. க்யூட் (Qt) என்ற சி பிளஸ்பிளஸ் திரை லைப்ரரியில் எழுதிய சார்ட் என்றால் 5.13 பதிப்பிலிருந்து வெப்அசெம்பிளிக்கு அதிகாரபூர்வ ஆதரவு இருக்கிறது. பெரும்பாலான நிரல் கம்பைல் ஆகிவிடும். விண்டோஸ் ஏபிஐயை, அதாவது விண்டோஸ் தரும் வரையும் அழைப்புகளை, நேரே கூப்பிட்டு வரைந்தது என்றால் வராது, ஏனென்றால் பிரவுசருக்குள் கூப்பிட அந்த ஏபிஐயே இல்லை. வின்ஃபார்ம்ஸும் அப்படித்தான். டாட்நெட்டைப் பிரவுசருக்குள் ஓட்டும் பிளேஸரில் சி ஷார்ப் ஓடுகிறதே என்று கேட்பார்கள். சி ஷார்ப் ஓடும். உங்கள் கணக்கு, வடிகட்டல் எல்லாம் வந்துவிடும். வரைகிற பகுதி வராது.

க்யூட் வழியில் போனாலும் சில கல் தடுக்கும். முதல் முறை இறங்கும் கோப்பு பல மெகாபைட், ஒரு சார்ட்டுக்காக. சர்வர் அதைச் சரியான வாஸ்ம் மைம் வகையோடு (இது வெப்அசெம்பிளி கோப்பு என்று சொல்லும் ஹெடர்) அனுப்பாவிட்டால், இறங்கும்போதே கம்பைல் ஆகிற வசதி கிடைக்காது. த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலை) வேண்டுமானால் பக்கத்தையே மற்ற ஒரிஜின்களிலிருந்து (வேறு தளங்களிலிருந்து) தனிமைப்படுத்தும் இரண்டு ஹெடர்களைப் போட வேண்டும். போட்டதும் அதே பக்கத்தில் வெளியிடத்திலிருந்து வரும் சில பொருள்கள் நின்றுபோகும். கணினியின் எழுத்துருக்களும் அதற்குத் தெரியாது. தமிழ் லேபிள் இருந்தால் எழுத்துருவை நீங்களே உள்ளே சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லையேல் கட்டம் கட்டமாக வரும்.

10. சரி, ஜாவாஸ்கிரிப்ட்ல திரும்ப எழுதித்தான் ஆகணும்னா எங்கிருந்து தொடங்குறது?

லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அல்ல. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், டெமோ பக்கம் அழகாக இருக்கிறது என்று. பழைய சார்ட்டில் கை வைத்திருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு, டீசார்ட் போன்ற கன்ட்ரோல்களில் எலியை மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு இழுத்தால் ஜூம். எதிர்த் திசையில் இழுத்தால் ஜூம் கலையும். வலது பொத்தானைப் பிடித்து இழுத்தால் சார்ட் நகரும். இதை யாரும் தேவை ஆவணத்தில் எழுதித் தர மாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் கை அதைத் தானாகச் செய்கிறது. புதுச் சார்ட்டில் வலது பொத்தானை அழுத்தியதும் பிரவுசரின் மெனு விரிந்தால், முதல் நாளே ‘பழசே தேவலை’ என்று சொல்லிவிடுவார்கள்.

பட்டியல் கையில் வந்த பிறகு பழைய நிரலை இரண்டாகப் பிரியுங்கள். டேட்டாவை எடுப்பது, சராசரி, எல்லைக்கோடு, அலகு மாற்றம் எல்லாம் சர்வரில் ஒரு ஏபிஐயாகப் போகட்டும். வரைவதும் எலிக்குப் பதில் சொல்வதும் மட்டும் பிரவுசரில். பழைய கன்ட்ரோல்களில் இந்த இரண்டும் ஒரே பெயின்ட் ஈவென்ட்டுக்குள் (திரையை வரையும்போது ஓடும் பகுதி) பின்னிக் கிடக்கும். பிரித்தெடுப்பதுதான் உண்மையான வேலை. அது முடிந்தால் எந்த லைப்ரரி என்பது பெரிய கேள்வியே இல்லை.

11. எஸ்விஜியா, கேன்வாஸா?

பிரவுசரில் வரைய இரண்டு வழி: எஸ்விஜியில் ஒவ்வொரு வடிவமும் பக்கத்தின் தனி உறுப்பு, கேன்வாஸில் எல்லாம் ஒரே படம். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே தொட, நிறம் மாற்ற வேண்டும், சில நூறு வடிவங்கள்தான் என்றால் எஸ்விஜி. அச்சிலும் கூர்மையாக வரும், திரைவாசிப்பானுக்கும் ஏதாவது கொடுக்க முடியும். ஆயிரக்கணக்கில் போனால் கேன்வாஸ். ஆனால் கேன்வாஸ் வரைந்ததை மறந்துவிடும், எலிக்குக் கீழே எந்தப் புள்ளி என்று நீங்களே தேட வேண்டும். பார்வையற்ற பயனருக்கு அது வெறும் இருட்டு. அதே டேட்டாவை ஒரு அட்டவணையாகவும் பக்கத்தில் வையுங்கள்.

12. டெஸ்க்டாப்புல பத்து லட்சம் புள்ளி அசராம ஓடுச்சு. பிரவுசர்ல திணறுதே?

டெஸ்க்டாப்பில் டேட்டா பக்கத்திலேயே நினைவகத்தில் இருந்தது. இங்கே அது நெட்வொர்க்கைத் தாண்டி, ஜேசனாக (டேட்டாவை எழுத்தாக அனுப்பும் வடிவம்) விரிந்து, ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஜெக்ட்டாக மாறி வருகிறது. ஆயிரம் பிக்சல் அகலச் சார்ட்டில் பத்து லட்சம் புள்ளி என்றால் ஒரு பிக்சல் பத்திக்கு ஆயிரம் புள்ளி. அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் விழப் போகிறது. ஒவ்வொரு பத்திக்கும் முதல், கடைசி, மிகக் குறைவு, மிக அதிகம் என்று நான்கை மட்டும் சர்வரிலேயே பொறுக்கி அனுப்பினால் கோடு ஏறக்குறைய அப்படியே வரும், அனுப்புவதோ நாலாயிரம். ஜூம் செய்ததும் அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி கேளுங்கள். புள்ளிகளைக் குறைக்க எல்டிடிபி (LTTB) என்ற முறையும் பிரபலம், கோட்டின் வடிவத்தை அழகாகக் காக்கும். ஆனால் ஒரே ஒரு கணம் எகிறி இறங்கிய அளவைத் தவறவிட்டால் ஆபத்து என்கிற இடத்தில் நான் குறைவு–அதிகம் முறையைத்தான் எடுப்பேன்.

ஜேசனுக்குப் பதில் பைனரியாக அனுப்புவோம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மதிப்புகளுக்கு 32 பிட் ஃபுளோட் போதும், நேரத்துக்குப் போதாது. 1970இலிருந்து எண்ணும் மில்லிசெகண்ட் எண் இப்போது 1.7 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் 32 பிட் ஃபுளோட்டின் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 131,072 மில்லிசெகண்ட், அதாவது இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. விநாடிக்கு ஒன்றாக எடுத்த அளவுகள் எல்லாம் குவியல் குவியலாக ஒரே செங்குத்துக் கோட்டில் போய் நிற்கும். நேரத்துக்கு 64 பிட் வையுங்கள், அல்லது தொடக்க நேரத்தைக் கழித்துவிட்டு அனுப்புங்கள்.

13. சக்கரத்தை உருட்டினா சார்ட் ஜூம் ஆகுது, கூடவே பக்கமும் ஓடுது. நிறுத்தச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது.

லிசனரை (எலியின் அசைவுக்குப் பதில் சொல்லும் நிரலை) டாக்குமென்ட்டிலோ விண்டோவிலோ போட்டிருப்பீர்கள். 2019இல் குரோம் 73 முதல் அங்கே போடும் வீல் லிசனர்கள் இயல்பிலேயே பாசிவ். அவற்றிலிருந்து பக்கத்தை நிறுத்தச் சொன்னால் காதில் வாங்காது. சார்ட் எலிமென்ட்டிலேயே போட்டு, பாசிவ் இல்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். தொடுதிரைக்கு சிஎஸ்எஸ்ஸில் டச் ஆக்ஷன் என்ற பண்பை வையுங்கள். இழுக்கும்போது எலி சார்ட்டுக்கு வெளியே போனதும் ஜூம் பெட்டி பாதியில் உறைந்து நிற்கிறதென்றால் நீங்கள் பாயின்டர் கேப்சர் (எலி வெளியே போனாலும் அதன் அசைவைச் சார்ட்டுக்கே தருவது) செய்யவில்லை.

ஒரு யோசனையும் சொல்கிறேன்: நீண்ட பக்கத்தின் நடுவே சார்ட் இருந்தால் சும்மா சக்கரத்துக்கு ஜூம் கொடுக்காதீர்கள், கன்ட்ரோல் விசையோடு சேர்ந்தால் மட்டும் கொடுங்கள். படித்துக்கொண்டே கீழே போகிறவர் சார்ட்டில் மாட்டிக்கொள்வது எரிச்சல்.

14. சில லேப்டாப்புல சார்ட் எழுத்து மட்டும் மங்கலா தெரியுது. டேப் மாத்தி வந்தா சார்ட்டே காணோம்.

கேன்வாஸுக்கு இரண்டு அளவுகள் உண்டு: உள்ளே உள்ள பிக்சல் எண்ணிக்கை, வெளியே சிஎஸ்எஸ் அளவு. உள் அளவைச் சொல்லாவிட்டால் 300க்கு 150. அதை சிஎஸ்எஸ் இழுத்துப் பெரிதாக்கும். சிஎஸ்எஸ் அளவை டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்ற எண்) பெருக்கி உள் அளவை வைத்தால் கூர்மை வரும். மறைந்திருக்கும் டேபுக்குள் சார்ட்டை உருவாக்கினால் அதன் அகலம் பூஜ்யம்; அளவு மாறியதைச் சொல்லும் ரீசைஸ் அப்சர்வர் வைத்து அகலம் கிடைத்ததும் வரையுங்கள். வெப் எழுத்துரு இறங்குமுன் கேன்வாஸில் எழுதியது வேறு எழுத்துருவிலேயே தங்கிவிடும், அதனால் எழுத்துருவை முதலில் கேட்டு வாங்கிவிட்டு வரையுங்கள்.

15. அதே டேட்டாதான். ஆனா புதுச் சார்ட்டுல கோடு தப்பா இருக்குன்னு சொல்றாங்க!

இந்தப் புகார் கட்டாயம் வரும். நான்கு இடங்களைப் பாருங்கள். அச்சு: பழையது டேட்டாவின் குறைந்த மதிப்பிலிருந்து தொடங்கியிருக்கும், புதியது பூஜ்யத்திலிருந்து தொடங்கும்; அதே ஏற்றம் தட்டையாகத் தெரியும். விடுபட்ட மதிப்பு: ஒன்று இடைவெளி விடும், மற்றொன்று பூஜ்யம் வரை இறங்கி ஏறும், இன்னொன்று இணைத்துவிடும். மென்மைப்படுத்திய வளைவு: டேட்டாவில் இல்லாத உச்சியைக்கூட வரைந்து காட்டும், அளவுகளைக் காட்டும் சார்ட்டில் அதை அணைத்துவிடுங்கள்.

நான்காவது, நேரம். ஜாவாஸ்கிரிப்ட் தேதி மட்டும் உள்ள ஐஎஸ்ஓ சரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். மணியும் சேர்ந்திருந்து ஆஃப்செட் (யூடிசியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற குறி) இல்லாவிட்டால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே சார்ட்டில் தினசரித் தொடர் ஒன்றும் மணிவாரித் தொடர் ஒன்றும் இருந்தால், இரண்டும் உங்கள் நேர மண்டல அளவுக்கு விலகி நிற்கும். சர்வரிலிருந்து எப்போதும் ஆஃப்செட்டோடு அனுப்புங்கள்.

16. எங்க சார்ட்டை மத்தவங்க பக்கத்துல வைக்கக் கொடுக்கணும். ஐஃப்ரேம் பழசு இல்லையா?

ஐஃப்ரேம், அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் டேக், பழசுதான், இந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை. அவர்கள் சிஎஸ்எஸ் உங்கள் சார்ட்டைக் கெடுக்காது, உங்கள் நிரலும் அவர்கள் பக்கத்தைத் தொடாது. 2ஆம் கேள்வியில் சொன்ன ‘சரி’ பொத்தான் ஆபத்து இங்கே இல்லை. உயரத்தையும் தேதி வரம்பையும் போஸ்ட்மெசேஜில் (பக்கங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வசதி) பரிமாறிக்கொள்ளுங்கள். வந்த செய்தியின் ஒரிஜினைப் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள். யார் பக்கத்தில் வைக்கலாம் என்பதை சிஎஸ்பி என்ற பாதுகாப்பு ஹெடரின் ஃப்ரேம் ஆன்செஸ்டர்ஸ் வரியில் எழுதுங்கள். பழைய எக்ஸ் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ் ஹெடரால் அனுமதிக்கிற தளங்களின் பட்டியலைச் சொல்ல முடியாது.

17. டெஸ்க்டாப் வெர்ஷனையும் நிறுத்த முடியாது. ரெண்டு சார்ட்டையும் ஆயுசு பூரா பராமரிக்கணுமா?

தலைகீழாகச் செய்யுங்கள். புது வெப் சார்ட்டை டெஸ்க்டாப் நிரலுக்குள் வையுங்கள். வெப்வியூ2 என்பது எட்ஜின் எஞ்சினை வின்ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் ஜன்னலுக்குள் வைக்கும் கன்ட்ரோல்; விண்டோஸ் 11இல் அதன் ரன்டைம் ஏற்கெனவே இருக்கிறது. சார்ட்டின் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் வைத்து அதற்கொரு கற்பனை ஹோஸ்ட் பெயர் கொடுத்தால் இணையமே இல்லாமலும் ஓடும். டேட்டாவைச் செய்தியாக உள்ளே அனுப்பலாம், பயனர் தேர்ந்த வரம்பு செய்தியாக வெளியே வரும். 16இல் சொன்ன ஐஃப்ரேம் செய்திகளுக்கு வைத்த அதே வடிவத்தை இங்கேயும் வைத்துக்கொண்டால் சார்ட்டில் ஒரே நிரல்தான்.

ஒரு ஜன்னலில் பத்துப் பன்னிரண்டு சார்ட் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்வியூ திறக்காதீர்கள், நினைவகம் தாங்காது. ஒரே வெப்வியூவுக்குள் பன்னிரண்டையும் அடுக்குங்கள்.